‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலின் மனிதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைப் பாடமாகப் படிப்பவர்களும், படிப்பெல்லாம் முடிந்தபின் ஆசைக்காகக் கையில் எடுப்பவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை இங்கே இருக்கின்றன. பதில்களுக்கு அடியில் ஓடும் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். இது பேராசையைப் பற்றிய நாவல் என்று பாடக்குறிப்புகள் சொல்கின்றன. நான் இதை வெட்கத்தைப் பற்றிய நாவலாகப் படிக்கிறேன். வளர்ந்த வீட்டை நினைத்து வெட்கப்பட்ட ஒருவன், பிற்காலத்தில் அந்த வெட்கத்துக்காகவே வெட்கப்பட்டு எழுதிய கதை இது. கதையின் முடிவு உட்பட எல்லாமே கீழே பேசப்படுகிறது; புத்தகத்தை இன்னும் படிக்காதவர்கள் யோசித்துவிட்டுத் தொடரவும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், தேம்ஸ் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில் கதை தொடங்குகிறது. பெற்றோரை இழந்த சிறுவன் பிப்பை அவன் அக்கா அடித்து வளர்க்கிறாள். அக்காவின் கணவர் ஜோ கார்ஜரி ஊர்க் கொல்லர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கைதிக் கப்பலிலிருந்து தப்பி வந்த மாக்விட்ச், கல்லறைத் தோட்டத்தில் பிப்பைப் பிடித்து மிரட்டி, சாப்பாடும் கால்விலங்கை அறுக்க அரமும் கொண்டுவரச் சொல்கிறார். பிப் வீட்டிலிருந்து திருடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறான்.

பிறகு, பக்கத்து ஊர்ப் பணக்காரப் பெண்மணி மிஸ் ஹாவிஷாமின் வீட்டுக்கு விளையாட அழைக்கப்படுகிறான். அங்கே வளரும் எஸ்டெல்லா அவனுடைய கரடுமுரடான கைகளையும் தடித்த பூட்ஸையும் கேலி செய்கிறாள். அவளிடமே மனத்தைப் பறிகொடுக்கிறான். ஜோவின் பட்டறையில் தொழில் பழகிக்கொண்டிருக்கும்போது வழக்கறிஞர் ஜாகர்ஸ் வந்து, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் அவனைக் கனவானாக்கப் பணம் தருகிறார் என்று அறிவிக்கிறார். ஹாவிஷாம்தான் அவர் என்று பிப் தானாகவே முடிவு செய்துகொள்கிறான். 23 வயதில், மழை கொட்டும் ஓர் இரவில், உண்மை மாடிப்படி ஏறி வருகிறது: பணம் அனுப்பியவர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட மாக்விட்ச். திரும்பி வந்ததற்குத் தண்டனை மரணம். பிப் அவரைத் தப்பவைக்க முயல்கிறான், முடியவில்லை. மாக்விட்ச் சிறையில் இறக்கிறார், சொத்து அரசுக்குப் போகிறது.

கதை சொல்லும் பிப்பும் கதைக்குள் இருக்கும் பிப்பும் ஒருவர்தானே? பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

இந்த நாவலைப் படிப்பதில் பாதி வேலை அந்தப் பிரிப்புதான்.

முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரைப் பார்த்தே இராத சிறுவன், கல்லறைக் கல்லில் செதுக்கிய எழுத்துகளின் வடிவத்தை வைத்து அவர்களைக் கற்பனை செய்கிறான். அப்பாவின் பெயர் செதுக்கப்பட்ட விதத்தைப் பார்த்தால் அவர் கட்டையான, பருத்த, சுருட்டை முடிக்காரராக இருந்திருப்பார் என்று தோன்றுகிறது. ‘மேற்படியாரின் மனைவி ஜார்ஜியானா’ என்ற வரியைப் பார்த்து, அம்மா முகத்தில் புள்ளிகளோடு நோயாளியாக இருந்திருப்பாள் என்று முடிவு கட்டுகிறான். அப்படி நினைப்பது குழந்தை. அது எவ்வளவு அபத்தம் என்று தெரிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுவது நடுவயது மனிதர். இரண்டு குரலும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. ஒரு பிழையான சான்றிலிருந்து முழு மனிதரையே கட்டி எழுப்பும் பழக்கம் பிப்புக்கு அந்த முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். ஹாவிஷாமைத் தன் புரவலராக அவன் கட்டி எழுப்புவது இதே முறையில்தான்.

கதை சொல்பவருக்கு உண்மை முதலிலிருந்தே தெரியும். 39ஆம் அத்தியாயம் வரை அதை நம்மிடமிருந்து மறைக்கிறார். ஆகவே பிப் ஏமாறும்போது நாமும் ஏமாறுகிறோம். அவனைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி நமக்கு இல்லாமல் போகிறது. எனவே எந்தப் பாத்திரத்தைப் பற்றி எழுதும்போதும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிப் பார்ப்பது எந்த வயதுப் பிப்? இதைச் சொல்லும்போது அவர் எதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார்?

பிப் நன்றி கெட்டவன் இல்லையா?

ஆம், கெட்டவன்தான். அந்தத் தீர்ப்பை நாம் எழுதத் தேவையில்லை, அவரே எழுதி வைத்திருக்கிறார். நாம் பார்க்க வேண்டியது அந்த நன்றிகேடு எந்த வடிவத்தில் வருகிறது என்பதை.

27ஆம் அத்தியாயத்தில் ஜோ லண்டனுக்கு பிப்பைப் பார்க்க வருகிறார். செய்தி கிடைத்ததும், பணம் கொடுத்து அவரை வரவிடாமல் தடுக்க முடிந்திருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பேன் என்கிறார் கதைசொல்லி. வந்த ஜோவுக்குத் தன் தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணப்படுப்பின் மேல்விளிம்பில் வைக்கிறார், அது விழுகிறது. எடுத்து வைக்கிறார், மறுபடி விழுகிறது. கிரிக்கெட் விளையாடுபவர் போல ஓடி ஓடிப் பிடிக்கிறார். பிப்பை ஒரு வாக்கியத்தில் பெயர் சொல்லி அழைக்கிறார், அடுத்த வாக்கியத்தில் ‘சார்’ என்கிறார். பிப்புக்கு எரிச்சல் வருகிறது. ஜோ இயல்பாக இல்லை என்பது எரிச்சல். அவரை இயல்பாக இருக்கவிடாதது தன் அறையும் தன் முகமும்தான் என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

புறப்படும்போது ஜோ தெளிவாகிவிடுகிறார். வாழ்க்கை என்பது எத்தனையோ பிரிவுகளை ஒன்றோடொன்று பற்றவைத்தது. ஒருவன் இரும்புக் கொல்லன், ஒருவன் பொற்கொல்லன், ஒருவன் செம்புக் கொல்லன். இந்த உடைகளில் நான் சரியாக இல்லை, பட்டறையில் வந்து பார் என்கிறார். அவமதிக்கப்பட்டவர் மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேசுகிறார். பிப்புக்குக் கண் திறந்து, அவர் பின்னால் ஓடித் தெருவில் தேடுகிறான். ஜோ போய்விட்டார்.

பிப் ஜோவை அடிக்கவில்லை, ஏசவில்லை, சாப்பாடு போடாமல் அனுப்பவில்லை. முகம் சுளித்தான், அவ்வளவே. படித்து முன்னுக்கு வந்தபின் அப்பா கல்லூரி வாசலில் வந்து நிற்கும்போது நண்பர்களைப் பார்த்து நெளிந்தவர்களுக்கு இந்த அத்தியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜோ நல்லவர், அப்பாவி. அதற்கு மேல் அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஜோவைக் கோயில் சிலையாக்கிக் கும்பிட்டுவிட்டு நகர்கிறவர்கள் 7ஆம் அத்தியாயத்தைச் சரியாகப் படிக்காதவர்கள்.

அங்கே ஜோ தன் கதையைச் சொல்கிறார். அவருடைய அப்பா குடிகாரர். அம்மாவையும் ஜோவையும் அடிப்பார். அவர்கள் ஓடிப்போய் வேலைக்கும் பள்ளிக்கும் போக முயன்றபோதெல்லாம் தேடிவந்து இழுத்துப் போவார். அதனால்தான் ஜோவுக்குப் படிப்பு இல்லை. அம்மா உழைத்து உழைத்து நிம்மதியில்லாமல் இறந்ததைப் பார்த்ததால், ஒரு பெண்ணுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் தவறிவிடுவோமோ என்ற பயம் தனக்கு இருக்கிறது என்கிறார். தவறுவதாக இருந்தால் மறுபக்கமாகத் தவறலாம் என்று முடிவெடுத்து மனைவிக்கு அடங்கி நடக்கிறார். ஆகவே அவருடைய பணிவு பயந்தாங்கொள்ளித்தனம் என்று சொல்ல முடியாது. அது யோசித்து எடுத்த முடிவு.

ஆனால் அந்த முடிவுக்கு விலை கொடுத்தது யார்? பிப்தான். பிரம்படி தன்மேல் மட்டும் விழுந்திருக்கக் கூடாதா என்று ஜோவே வருந்துகிறார். தன் அப்பாவைப் போல ஆகிவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்த நல்ல மனிதரின் வீட்டில் ஒரு குழந்தை தினமும் அடி வாங்கியது. டிக்கன்ஸ் இதைக் கண்டித்து எழுதவில்லை, மூடி மறைக்கவும் இல்லை. ஜோவைப் பற்றிய நல்ல கட்டுரை இந்த இரண்டையும் ஒன்றாக வைத்திருக்கும்.

மிஸ் ஹாவிஷாம் பைத்தியமா? அவரைப் பழிக்க வேண்டுமா, இரங்க வேண்டுமா?

திருமண நாளன்று காதலன் கைவிட்டுவிட்டான் என்ற கடிதம் வந்த நேரத்தில், ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, வீட்டின் எல்லாக் கடிகாரங்களையும் நிறுத்தியவர். மஞ்சளேறிப்போன கல்யாண உடை, ஒரு காலில் மட்டும் செருப்பு, சிலந்தி மேயும் கல்யாண கேக். படங்களில் பார்த்துப் பார்த்து இதெல்லாம் நமக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதால் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறோம்: காலத்தை நிறுத்தி வைக்க நிறையப் பணம் வேண்டும். பீர் ஆலை முதலாளியின் மகள் என்பதால்தான் அவரால் துயரத்தை இருபது முப்பது ஆண்டு அப்படியே அலங்கரித்து வைக்க முடிந்தது. அக்காவின் வீட்டில் ஒரு துயரம் நேர்ந்தால் மறுநாள் உலை மூட்டியாக வேண்டும்.

பைத்தியம் என்று சொல்லிவிட்டால் அவருடைய பொறுப்பு போய்விடுகிறது. அவர் கணக்குத் தெரிந்தவர். பிப் தன்னைத் தவறாகப் புரவலர் என்று நம்புவது தெரிந்தே, தன் சொத்துக்குக் காத்திருக்கும் உறவினர்களை வேதனைப்படுத்துவதற்காக அப்படியே விட்டுவைக்கிறார். அது அன்பான செயலா என்று பின்னாளில் பிப் கேட்கும்போது, அன்பாக இருக்க நான் யார் என்று சீறுகிறார்.

49ஆம் அத்தியாயத்தில் அவர் பிப்பின் காலில் விழுந்து, நான் என்ன செய்துவிட்டேன் என்று புலம்புகிறார். அன்றே உடையில் தீப்பற்றுகிறது. பிப் மேசை விரிப்பை இழுத்து அவரைப் போர்த்தி அணைக்கிறான். விரிப்போடு சேர்ந்து மேசையில் அழுகிக் கிடந்த குப்பையெல்லாம் கீழே வருகிறது. பிறகு அவரை அதே பெரிய மேசையில்தான் கிடத்துகிறார்கள். இறந்தபின் தன்னை அங்கேதான் கிடத்த வேண்டும் என்று அவர் தடியால் தட்டிக் காட்டிய மேசை அது. பழிப்பதா இரங்குவதா என்றால், பிப் செய்வதைப் பாருங்கள்: மன்னிக்கிறான், ஆனால் எஸ்டெல்லாவின் இதயத்தை எடுத்துவிட்டுப் பனிக்கட்டியை வைத்ததை மறக்கவில்லை.

எஸ்டெல்லா இரக்கமற்றவள் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனால் தவறு. நாவல் முழுக்க பிப்பிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவள். எனக்கு இதயம் இல்லை என்று நேராகச் சொல்கிறாள், எச்சரிக்கிறாள், திரும்பத் திரும்ப எச்சரிக்கிறாள். ஒரு நடன விருந்தில் பின்னாளில் அவள் மணக்கும் மூடன் டிரம்மிலைப் பார்த்து ஏன் சிரிக்கிறாய் என்று பிப் பொறாமையில் கேட்கிறான். உன்னையும் ஏமாற்றிக் கண்ணியில் சிக்கவைக்க வேண்டுமா என்கிறாள் அவள். அப்படியென்றால் அவனை ஏமாற்றுகிறாயா? ஆமாம், உன்னைத் தவிர எல்லோரையும். பிப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதையை அவளால் தந்திருக்க முடியாது. அவன் அதை மரியாதை என்று புரிந்துகொள்ளவே இல்லை.

அவளுடைய பிறப்பு ரகசியத்தை டிக்கன்ஸ் மிகவும் கூர்மையாகப் பயன்படுத்துகிறார். எந்தச் சீமாட்டியை அடைவதற்காக பிப் பட்டறையை வெறுத்தானோ, அந்தச் சீமாட்டி மாக்விட்சின் மகள். தாய், ஜாகர்ஸ் வீட்டு வேலைக்காரி மோலி. கொலை வழக்கிலிருந்து ஜாகர்ஸால் விடுவிக்கப்பட்டவள். எஸ்டெல்லாவுக்குக் கடைசிவரை இது தெரியாது. பிப்புக்குத் தெரியும்.

மாக்விட்சின் பணம் என்றதும் பிப் ஏன் அருவருப்படைகிறான்? அவர் உழைத்துச் சம்பாதித்ததுதானே?

என்னைக் கேட்டால், நாவலின் நடு நரம்பு இந்தக் கேள்விதான்.

மாக்விட்ச் நியூ சவுத் வேல்ஸில் ஆடு மேய்த்து, பண்ணை வைத்து, வாய்க்கும் வயிற்றுக்கும் மிச்சம் பிடித்து அனுப்பிய பணம் அது. நீ சுகமாக வாழ நான் கரடுமுரடாக வாழ்ந்தேன் என்கிறார். ஹாவிஷாமின் பணம் பீர் ஆலையில் வந்தது, அதுவும் அப்பா சம்பாதித்தது. அந்தப் பணம் என்று நினைத்தவரை பிப்புக்குக் கூச்சமே இல்லை. ஆக, அருவருப்பு பணத்தின் மூலத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், உண்மையில் அது கொடுத்தவரின் கையைப் பற்றியது.

39ஆம் அத்தியாயத்தில் இது ஒரு சின்னச் செய்கையில் தெரிகிறது. பல ஆண்டுகளுக்கு முன் மாக்விட்ச் ஓர் ஆள் மூலம் பிப்புக்கு இரண்டு ஒரு பவுண்டு நோட்டுகளை அனுப்பியிருந்தார். கசங்கி, வியர்த்து, அந்தப் பகுதியின் மாட்டுச் சந்தை அத்தனையிலும் புரண்டு வந்தது போன்ற நோட்டுகள். இப்போது வந்திருப்பவர்தான் தன் புரவலர் என்று அறியாத பிப், கடனைத் தீர்த்துவிடலாம் என்று பெருந்தன்மையோடு இரண்டு புது நோட்டுகளை எடுத்து நீட்டுகிறான். மாக்விட்ச் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நீளவாக்கில் மடித்து, முறுக்கி, விளக்கில் கொளுத்தி, சாம்பலைத் தட்டில் போடுகிறார். பிறகுதான், இத்தனை நாள் எப்படி இவ்வளவு நன்றாக இருந்தாய் என்று விசாரிக்கத் தொடங்குகிறார். பிப் அணிந்திருக்கும் உடை, கைவிரல் மோதிரம், சுவரில் அடுக்கிய புத்தகம் எல்லாமே அந்த முரட்டுக் கையிலிருந்து வந்தவை என்பது ஒவ்வொன்றாக வெளிப்படுகிறது.

இதோடு 42ஆம் அத்தியாயத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மாக்விட்சும் அவருடைய கூட்டாளி கம்பேசனும் ஒரே குற்றத்துக்காக ஒன்றாக விசாரிக்கப்படுகிறார்கள். திட்டம் போட்டவன் கம்பேசன். ஆனால் அவன் படித்தவன், நல்ல உடை, வெள்ளைக் கைக்குட்டை. நீதிமன்றம் அவனுக்கு ஏழாண்டு தருகிறது, மாக்விட்சுக்குப் பதினான்கு. ஹாவிஷாமைக் கைவிட்டவனும் இதே கம்பேசன்தான். ‘கனவான்’ தோற்றம் எதற்கெல்லாம் பயன்படும் என்று தெரிந்துகொண்ட மாக்விட்ச், பிப்பை அப்படி ஒருவனாகச் செய்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதில் வியப்பில்லை. அதில் அன்பும் இருக்கிறது, உடைமை உணர்வும் இருக்கிறது. குதிரையில் போகும் குடியேற்றக்காரர்கள் அவர்மேல் தூசி கிளப்பிப் போகும்போது, உங்களில் யார் ஒரு லண்டன் கனவானுக்குச் சொந்தக்காரர் என்று தனக்குள் கேட்டுக்கொள்வாராம்.

அருவருப்பு எப்போது போகிறது? படிப்படியாகத்தான் போகிறது. ஆற்றில் பிடிபட்டு, காயத்தோடு விலங்கிடப்பட்டுப் படகில் கிடக்கும்போது பிப் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறான். அந்தக் கையில், தான் ஜோவுக்குச் செய்யாத அத்தனையையும் தனக்குச் செய்ய நினைத்த ஒருவரைப் பார்க்கிறான்.

ஜாகர்ஸ் ஏன் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்?

வாசனை சோப்புப் போட்டு, கட்சிக்காரர்களைக் கழுவித் தள்ளுகிறார். இயேசுவின் வழக்கில் கைகழுவிய பிலாத்துவை நினைவூட்டுவதாகப் பலர் எழுதுவார்கள், எழுதலாம், தப்பில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கழுவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறதே என்பது. உண்மையிலேயே இறுகிப்போன மனிதருக்கு சோப்பு எதற்கு?

அவருடைய எழுத்தர் வெம்மிக் வேறு வழி கண்டுபிடித்தவர். அலுவலகத்தில் தபால் பெட்டி போன்ற வாய், தூக்குக்குப் போகும் கைதிகளிடம் மோதிரம் வாங்கிச் சேர்க்கும் கை. மாலையில் வால்வொர்த் வீட்டுக்குப் போனால் சின்ன அகழி, பலகைப் பாலம், இரவு ஒன்பதுக்கு வெடிக்கும் சிறு பீரங்கி, காது கேளாத வயதான அப்பா. இரண்டையும் கலக்கவிடமாட்டார். இன்று அலுவலகம் போய்வரும் யாருக்கும் வெம்மிக்கை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

ஆர்லிக் எதற்காக வருகிறான்? அவன் இல்லாமலும் கதை நடக்குமே?

பட்டறையில் வேலை செய்யும் முரடன். அக்காவைத் தலையில் அடித்து முடக்கிப் போடுகிறான். அடித்த ஆயுதம், மாக்விட்ச் அறுத்துப் போட்ட கால்விலங்கு. பிப் திருடிக் கொடுத்த அரத்தால் அறுக்கப்பட்டது. அதனால் பிப்புக்குத் தானே ஆயுதம் கொடுத்தது போன்ற உறுத்தல். பின்னால் சுண்ணாம்புக் காளவாய்க் குடிசையில் பிப்பைக் கட்டிவைத்து, உன் அக்காவைக் கொன்றது நீதான் என்றே ஆர்லிக் சொல்கிறான்.

பிப் மனத்துக்குள் அடக்கி வைத்த வன்மத்தை ஆர்லிக் செயலில் காட்டுகிறான் என்று 1960-ல் விமர்சகர் ஜூலியன் மொய்னஹன் ஒரு கட்டுரை எழுதினார். அன்றிலிருந்து இந்த வாசிப்பு நிலைத்துவிட்டது. தினமும் அடித்த அக்காமேல் பிப்புக்குக் கோபம் இல்லாமலா இருந்திருக்கும்? அந்த அளவுக்கு நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்லிக்கை பிப்பின் நிழலாக மட்டுமே சுருக்கிவிட்டால், அவனுக்கென்று உள்ள ஆத்திரம் காணாமல் போகிறது. ஒரே பட்டறையில் வேலை செய்தவன் அவன். செல்லம் கிடைத்தது பிப்புக்கு.

டிக்கன்ஸின் சொந்த வாழ்க்கையை இதில் தேடலாமா?

தேடலாம், அளவோடு. 1824-ல், 12 வயதில், டிக்கன்ஸ் லண்டனில் ஒரு பூட்ஸ் பாலிஷ் கிடங்கில் வாரம் ஆறு ஷில்லிங்குக்கு டப்பிகளுக்கு லேபிள் ஒட்டினார். அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருந்தார். இதைப் பல ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் மறைத்து, நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் மட்டும் சொன்னார். 1870-ல் டிக்கன்ஸ் இறந்தபின், ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் மூலம்தான் உலகுக்குத் தெரிந்தது. நாவல் வெளிவந்தபோது படித்தவர்கள் யாருக்கும் இது தெரியாது. கைகள் கறுத்துப்போன சிறுவனின் கூச்சத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நமக்குத் தெரிகிறது. பிப்தான் டிக்கன்ஸ் என்று அதற்காக எழுதிவிடக் கூடாது.

இன்னொரு தகவல் கதையின் வடிவத்துக்கு உதவும். அவர் நடத்திய ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் ஓடிக்கொண்டிருந்த சார்லஸ் லீவரின் தொடர்கதை வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை, விற்பனை சரிந்தது. பத்திரிகையைத் தூக்கி நிறுத்த, 1860 டிசம்பரில் இதைத் தொடராக ஆரம்பித்து 1861 ஆகஸ்டில் முடித்தார். ஒவ்வொரு வாரமும் அடுத்த இதழுக்கு ஏங்கவைக்கும் விதத்தில் எழுதப்பட்டது. தொடர்கதை படித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு அந்த அத்தியாய முடிவுகளின் சூட்சுமம் உடனே பிடிபடும்.

காலனியப் பார்வையில் படிக்க முடியுமா?

முடியும். விமர்சகர் எட்வர்ட் சயீத் 1993-ல் வெளிவந்த ‘கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்’ நூலின் முன்னுரையிலேயே மாக்விட்சை எடுத்துப் பேசுகிறார். நாடு கடத்தப்பட்டவன் ஆஸ்திரேலியாவில் பணக்காரனாகலாம், இங்கிலாந்துக்குத் திரும்பத்தான் கூடாது. அவன் பணம் வரலாம், அவன் வரக் கூடாது. கதையின் கடைசியில் பிப் பிழைப்புக்காகப் போவதும் கெய்ரோவிலுள்ள ஓர் ஆங்கில வணிகக் கிளைக்கு. லண்டனில் கணக்கு நேராகாத ஒவ்வொருவருக்கும் வெளியே எங்கோ ஒரு நாடு தயாராக இருக்கிறது. அந்த நாடுகளில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் நாவலில் கண்ணுக்கே தெரிவதில்லை.

இரண்டு முடிவுகள் இருக்கின்றனவாமே, எது சரி?

முதலில் எழுதியதில், பிப் லண்டன் தெருவில் எஸ்டெல்லாவைத் தற்செயலாகச் சந்திக்கிறான். அவள் ஒரு மருத்துவரை மறுமணம் செய்துகொண்டிருக்கிறாள். பிப்போடு இருக்கும் ஜோவின் மகனை பிப்பின் குழந்தை என்று நினைத்து முத்தமிடுகிறாள். பிப் திருத்தவில்லை. பிரிகிறார்கள். அச்சுக்கு முன் படித்த நாவலாசிரியர் புல்வர்-லிட்டன் மாற்றச் சொன்னார், டிக்கன்ஸ் மாற்றினார். புதிய முடிவில் இருவரும் இடிந்த ஹாவிஷாம் வீட்டுத் தோட்டத்தில் சந்தித்து, கைகோத்து வெளியே வருகிறார்கள். பழையதை ஃபார்ஸ்டர் 1874-ல் வெளியிட்டார்.

பழைய முடிவுதான் உயர்ந்தது என்று சொல்வது நாகரிகமாகிவிட்டது. நான் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமாட்டேன். புதிய முடிவில் எஸ்டெல்லா சொல்வது, பிரிந்தே நண்பர்களாக இருப்போம் என்று. அவளிடமிருந்து இனிப் பிரிவின் நிழலே தெரியவில்லை என்பது பிப்பின் வாக்கியம். அவள் சொன்னதை அவன் ஒருமுறையாவது சரியாகக் கேட்டிருக்கிறானா? கல்யாணத்தில் முடிந்த கதை என்று எழுதுபவர்கள் பிப்பைப் போலவே படிக்கிறார்கள்.

தேர்வுக்கு, கருப்பொருள்களைப் பட்டியலாகத் தர முடியுமா?

‘வர்க்கம், பணம், குற்றம், மன்னிப்பு’ என்று நான்கு தலைப்பு எழுதுவது யாராலும் முடியும்; விடைத்தாள் திருத்துபவர் அதை அன்றைக்கு நாற்பதாவது முறையாகப் படிப்பார். ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நாவல் முழுவதும் போய்ப் பாருங்கள். உதாரணமாக, கை. அக்கா பிப்பைத் ‘தன் கையால் வளர்த்ததாக’ ஊரெல்லாம் பெருமை பேசுகிறாள். அந்தக் கையின் பாரம் அவனுக்குத் தெரியும். எஸ்டெல்லா அவன் கையைப் பழிக்கிறாள். ஜாகர்ஸ் கழுவுகிறார். மோலியின் மணிக்கட்டைப் பிடித்து விருந்தினருக்குக் காட்டுகிறார். பின்னாளில் எஸ்டெல்லாவின் விரல்கள் அசைவதைப் பார்த்த நினைவுதான் அவள் யார் மகள் என்று பிப்புக்குக் காட்டிக்கொடுக்கிறது. மாக்விட்ச் இரு கைகளையும் நீட்டி வரும்போது பிப் பின்வாங்குகிறான். தீயில் பிப்பின் கைகள் வெந்துபோகின்றன. சாகும் மாக்விட்ச் பேச முடியாமல் பிப்பின் கையை அழுத்துகிறார். இதை வரிசையாக எழுதினால் அந்த நான்கு தலைப்பும் தாமாக வந்து சேரும்.

சுருக்கப் பதிப்பு படித்தால் போதாதா?

கதை தெரியும், நாவல் தெரியாது. சுருக்குபவர்கள் முதலில் வெட்டுவது ட்ராப் என்ற தையல்காரரின் கடைப் பையனை. புதுப் பணக்காரனாக பிப் ஊர்த் தெருவில் நடந்து வரும்போது, இந்தப் பையன் பயந்து நடுங்குவது போல் நடித்து, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, ‘உன்னைத் தெரியாதே!’ என்று பிப்பைப் போலவே மிடுக்காக நடந்துகாட்டுகிறான். ஊரே சிரிக்கிறது. பிப் செய்ததை பிப்புக்கே காட்டிய ஒரே விமர்சகன் அவன்தான். பின்னால் காளவாய்க் குடிசையிலிருந்து பிப்பைக் காப்பாற்ற வழி காட்டி வருபவனும் அவனே. பிப் அவனுக்கு இரண்டு கினி கொடுக்கிறான். அது அவனுக்குத் திருப்தியாக இருந்தது. உன்னைத் தவறாக நினைத்ததற்கு வருந்துகிறேன் என்றும் சொல்கிறான். அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.